திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியாரின் மன்றப் பணியும் அவர்தம் வாக்குப் பதிவும்

வாக்களிப்பு முறை தமிழர்க்குப் புதியதன்று. அகநானூற்று 77-ஆம் பாட்டில், கயிற்றாற் கட்டப்பெற்ற குடத்தின் பொறியை நீக்கி உள்ளிருக்கும் ஓலையை வெளியே எடுக்கும் ஆவணமாக்களை மருதன் இளநாகனார் உவமையாக்கிக் காட்டுகிறார். முதற் பராந்தகனது ஆட்சியில் 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. எனினும் ஒன்று ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. குடவோலை ஆளைத் தேர்ந்தெடுத்தது, பொருளைத் தீர்மானித்ததில்லை. தேர்ந்தெடுக்கப்பெற்றோர் வாரியத்தில் அமர்ந்து எப்பொருளின்மேல் யார் பக்கம் நின்றனர் என்பதற்கு அக்கல்வெட்டுக்களிற் குறிப்பில்லை. ஆயின், கணக்குக் காட்டாது விலகியவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியராகார் என்னும் விதி அங்கே உண்டு. உறுப்பினனை அளந்தறிய நம் முன்னோர் கைக்கொண்ட கருவி கணக்கு, வாக்கன்று.

மன்றத்தில் அமர்ந்தோர் ஒரு பொருளின்மேல் எப்பக்கம் நின்றனர் என்பதைப் பெயர் பெயராக எழுதி அச்சிடும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியோடு நம்மிடம் வந்தது. அதனைக் குறிக்க நாம் ஆளும் சொல்லோ பழைய சொல். ‘வாக்கு’ என்பது பேச்சையும் குறிக்கும்; கொடுத்த உறுதியையும் குறிக்கும்; இக்காலத்தில் தேர்தற் சீட்டையும் குறிக்கும். கொங்கு நாட்டு ஊர்ப்புறங்களில் ‘ஓட்டு’ என்றே வழங்குவர். ஒருவகையில் அது நல்லதே. கொடுத்த வாக்கு வேறு, போட்ட ஓட்டு வேறு என்று பிரித்துப் பேச அவர்களால் இயல்கிறது.

இவ்விரண்டற்கும் உள்ள இடைவெளியை ஆராய்வதற்குத் தக்க எடுத்துக்காட்டாகத் திருப்பூரிற் பிறந்து, திருப்பூர்த் தொகுதியின் முதல் மக்களவை உறுப்பினராகவும் விளங்கிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரைக் கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்து மத்திய சட்டமன்றம், சென்னை மாகாணச் சட்டமன்றம், விடுதலை பெற்ற நாட்டின் மக்களவை, மாநிலங்களவை என நான்கு மன்றங்களில் அவர் அமர்ந்தார். அந்நான்கிலும் வாக்களிப்பின் பொருள் வேறு வேறாக இருந்தது. ஆதலின் அவருடைய வாக்குப் பதிவை மட்டும் கொண்டு அவரை அளக்கப் புகுவோர் எங்கெங்கே வழுக்கி விழுவர் என்பதைக் காண இவ்வாழ்க்கை பெரிதும் உதவும்.

அவர் 1903-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் திருப்பூரிற் பிறந்தார். ஊருக்கு அண்மையில் உள்ள அவினாசித் திருக்கோயில், முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்ட திருப்புக்கொளியூர் ஆகும். கொங்கு நாட்டில் அவ்விறைவன் பெயரைப் பிள்ளைகட்கு இடுதல் பெருவழக்கு. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும் வழக்கறிஞர் தொழில் அவரை நெடுநாள் பிணித்து வைக்கவில்லை. 1930-ஆம் ஆண்டிற் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அவ்வாண்டிலேயே கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தையும் தொடங்கினார். பின்னர் மேட்டுப்பாளையம் நெடுஞ்சாலையிற் பெரியநாயக்கன்பாளையத்திற்கு மாறிய அந்நிறுவனம் இன்றும் அங்கே சிறந்து விளங்குகிறது. 1932, 1941, 1942-ஆம் ஆண்டுகளிலும் அவர் சிறை சென்றார்.

அந்நாளையத் திருப்பூர் இன்று நாம் காணும் பின்னலாடை நகரமன்று. பனியன் நெய்யும் முதற் பொறிகள் 1920-களின் நடுவில்தான் அவ்வூருக்கு வந்தன. ஆயின் கதர்த் தொழிலில் அதற்குத் தனிச் சிறப்பு இருந்தது. 1925-இல் தோன்றிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலேயே தலைமையிடம் கொண்டிருந்தது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கே வந்து குவிந்து, பிற ஊர்களுக்குச் சென்றன. 1932-ஆம் ஆண்டு சனவரியில் கொடியேந்திச் சென்ற குமரன் அடிபட்டு உயிர் நீத்ததும் இவ்வூரிலேயே. கதரும் சிறையும் பள்ளியும் ஆகிய மூன்றுமே அவினாசிலிங்கத்தின் பொது வாழ்வை உருவாக்கின என்னலாம்.

1934-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் அவர் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்தது அவர் தொகுதி. மூன்று மாவட்டங்கள் என்றவுடன் பெரிய மக்கட்பரப்பின் குரலை அவர் ஏந்திச் சென்றார் என எண்ணிவிடலாகாது. சொத்தும் வரியும் உடைய சிலர்க்கே அன்று வாக்குரிமை இருந்தது. நூற்கும் பெண்ணுக்கும் நெய்யும் தொழிலாளிக்கும் பெரும்பாலும் அது கிடையாது. அவ்வவையின் இயல்பான ஆயுள் மூன்றாண்டே. ஆயினும் வைசிராய் மீண்டும் மீண்டும் நீட்டித்தமையால், 1934-இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவை 1945 வரை இருந்தது. ஒரே தேர்தலின் துணைகொண்டு பத்தாண்டிற்கு மேலாக ஒருவர் உறுப்பினராக இருந்தமை இக்காலத்தார்க்கு வியப்பளிக்கும்.

அவ்வவையில் வாக்கெடுப்பு நடந்த முறையை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். அவைத் தலைவர் பொருளை அவை முன் வைப்பார். ஏற்போர் ‘ஆம்’ எனவும் மறுப்போர் ‘இல்லை’ எனவும் குரல் எழுப்புவர். எக்குரல் ஓங்கியது எனத் தலைவர் செவியாற் கணித்து முடிவு கூறுவார். இது குரல் வாக்கெடுப்பு. இதில் யார் எக்குரல் கொடுத்தார் என்பது எங்கும் பதிவாவதில்லை. தலைவரின் கணிப்பை எவரேனும் மறுத்தால், மணி அடிக்கப்பெறும்; உறுப்பினர்கள் இரு பக்கத்து நடைக்கூடங்கட்கும் பிரிந்து செல்வர்; பெயர்கள் குறிக்கப்பெறும். இதனை ‘டிவிஷன்’ என்பர். யாம் பிரிவு வாக்கெடுப்பு எனக் குறிப்போம். இதன் முடிவே அவை நடவடிக்கை ஏட்டில் இரு பட்டியல்களாக அச்சேறும். ஆங்கில அகரவரிசையில் அமைந்த அப்பட்டியல்களில் அவினாசிலிங்கத்தின் பெயரையும் காணலாம்.

எனவே, வாக்குப் பதிவு என்று நாம் கூறுவது ஒருவர் அளித்த வாக்குக்கள் அனைத்தின் பதிவன்று. சண்டையிட்டுப் பிரிந்த பொழுதுகளின் பதிவு மட்டுமே. எதிர்ப்பின்றி நிறைவேறியவை எத்துணைச் சிறந்தவையாயினும் அதில் இடம்பெறா. இவ்வடிப்படையை உணராமல் பட்டியலை எண்ணிக் கூட்டிக் கழிப்பது, ஆற்றில் வெள்ளம் வந்த நாட்களை மட்டும் கணக்கிட்டு நொய்யலின் இயல்பை வரையறுப்பது போலாகும்.

இனி, அவ்வாக்குக்களின் பயன் யாது? மத்திய சட்டமன்றத்தில் ஏறத்தாழ 145 உறுப்பினர் இருந்தனர். அவருள் நாற்பதின்மர் அளவில் அரசால் நியமிக்கப்பெற்றோர். அவருட் பெரும்பாலோர் அரசு அலுவலர். அலுவலர் தம் விருப்பம் போல் வாக்களித்தல் இயலாது. ஆதலின் ஒவ்வொரு வாக்கெடுப்பும் அரசுக்கு ஒரு முன்னடையோடு தொடங்கியது. இருந்தும் காங்கிரசுக் கட்சியும் ஜின்னாவின் தலைமையில் இருந்த சுயேச்சைக் குழுவும் சேர்ந்தபோதெல்லாம் அரசு தோற்றது. தோற்றதனால் விளைந்தது யாதெனின், ஒன்றுமில்லை. அவை மறுத்த மசோதாவை ஆட்சியின் நலத்திற்கு இன்றியமையாதது எனச் சான்றளித்து நிறைவேற்றும் சிறப்பதிகாரம் வைசிராய்க்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 1935-இற் குற்றவியற் சட்டத் திருத்த மசோதாவை அவை ஏற்க மறுத்தபோது அவ்வாறே நிகழ்ந்தது. 1936-இல் ஒட்டாவா வாணிக உடன்படிக்கையை முடிவுக்குக் கொண்டுவருமாறு அவை வாக்களித்தது. அதன்பின் தொடங்கிய பேச்சுக்களின் விளைவாக 1939-இல் இந்திய பிரிட்டானிய வாணிக உடன்படிக்கை வந்தது.

இவ்வுடன்படிக்கை கொங்கு நாட்டோடு நேரே தொடர்புடையது. ஆதலின் சிறிது நின்று நோக்குதல் தகும். பிரிட்டனிலிருந்து வரும் பருத்தித் துணிக்கு இங்கே விதிக்கும் சுங்கவரியை, பிரிட்டன் இந்தியாவிடம் வாங்கும் பஞ்சின் அளவோடும் இங்கு அனுப்பும் துணியின் அளவோடும் பிணைத்து ஏற்றவும் இறக்கவும் அது வழி செய்தது. கோவை மாவட்டத்தில் அன்று மூன்று நலன்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நின்றன. கரிசல் நிலத்தும் கிணற்றுப் பாசன நிலத்தும் பருத்தி விளைத்த உழவர்க்குப் பஞ்சு விற்க வேண்டும். 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் விரைந்து பெருகிய நூற்பாலைகட்கு இலங்காசயரின் போட்டி குறைய வேண்டும். கைராட்டையையும் கைத்தறியையும் நம்பிய கதர்த் தொழிலாளர்க்கு ஆலை நூலும் பகை, அயல் துணியும் பகை. இம்மூவரையும் ஒருங்கே நிறைவிக்கும் வாக்கு என ஒன்று இல்லை. காங்கிரசுக் கட்சி உடன்படிக்கையை எதிர்த்தது. அவையும் அதனை ஏற்க மறுத்தது. அரசோ தன் சிறப்பதிகாரத்தால் அதனை நடைமுறைப்படுத்தியது. பட்டியலைக் காண்போர்க்கு அங்கே தெரிவது ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு சொற்களே. ஆலை முதலாளியின் பொருட்டு எதிர்த்தவரும், கதரின் பொருட்டு எதிர்த்தவரும், அயலாட்சியின்மேற் கொண்ட வெறுப்பால் எதிர்த்தவரும் ஒரே வரிசையில் நிற்பர்.

போர் மூண்ட பின்னர்க் காங்கிரசு உறுப்பினர் அவையைப் பெரும்பாலும் புறக்கணித்தனர். சிறையிலிருந்த காலம் ஒருபுறம். எனவே 1939-க்குப் பின் அவர்களுடைய பெயர் பட்டியல்களில் அருகியே காணப்படும். வராதவர் என்று இக்காலத்து வருகைக் கணக்கர் எழுதுவர். வராமையே அன்று ஒரு வாக்கு. 1944-ஆம் ஆண்டு காங்கிரசார் அவைக்குத் திரும்பியபோது, நிதி மசோதா 55-க்கு 56 என ஒரே வாக்கால் வீழ்ந்தது. அதனையும் வைசிராய் பின்னர் நிறைவேற்றிக்கொண்டார் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

1946-ஆம் ஆண்டு பிரகாசம் தலைமையில் அமைந்த சென்னை அமைச்சரவையில் அவினாசிலிங்கம் கல்வியமைச்சரானார். அடுத்து ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் அப்பொறுப்பில் தொடர்ந்து 1949 வரை இருந்தார். அவர் வாழ்க்கையில் இம்மூன்றாண்டே தமிழ்த் துறையினராகிய நமக்கு முதன்மையானது. ஆயின் வாக்குப் பதிவு என்னும் அளவுகோல் இங்கே முற்றிலும் பயனற்றுப் போகிறது. அமைச்சர் தம் அரசின் மசோதாவை எதிர்த்தல் இல்லை. 1947-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம் ஆகியவை அவ்வமைச்சரவையின் பொது உடைமை. அவற்றை ஒருவர் கணக்கில் வரவு வைத்தல் முறையாகாது.

அவர்க்கே சிறப்பாக உரியது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945-இல் ஒரு நூலகச் சட்டம் தோன்றியிருந்ததாயினும், விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் இதுவே. இதன் பின்னணியில் நின்றவர் சீர்காழியிற் பிறந்த நூலகப் பேரறிஞர் சி. இரா. அரங்கநாதன். நூலகத்திற்குச் சட்டம் வேண்டும் என்று பல்லாண்டு அவர் வாதாடி வந்தார். நூலகம் வள்ளன்மையால் வாழ்வதாயின் வள்ளல் இறந்தபின் அதுவும் இறக்கும். அரசின் ஆண்டு மானியத்தால் வாழ்வதாயின் பஞ்ச காலத்தில் முதற்கண் வெட்டப்படுவது நூலகத்தின் தொகையே. இதற்கு மாற்றாக, உள்ளாட்சி நிறுவனங்கள் வாங்கும் வீட்டுவரி, சொத்துவரியின்மேல் நூலகத்திற்கென ஒரு சிறு மேல்வரியை இச்சட்டம் விதித்தது. அதனை வேறு எதற்கும் செலவிடலாகாது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு ஒன்று அமைந்தது. சென்னை நகர் நீங்கலாகப் பிற இடங்களில், மக்கள் செலுத்திய மேல்வரிக்கு ஈடான தொகையை அரசும் சேர்த்தளிக்க வேண்டியதாயிற்று. அந்த மேல்வரி பின்னர் ரூபாய்க்குப் பத்துக் காசாக உயர்ந்தது. சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது அதனை இயற்றிய அமைச்சர் பதவியில் இல்லை. ஆந்திரம் 1960-இலும், மைசூர் 1965-இலும், மகாராட்டிரம் 1967-இலும் தத்தமக்கு நூலகச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. சிற்றூர்க் கிளை நூலகத்தில் நாளிதழ் படிக்கும் முதியவர், அந்நாளிதழுக்கான காசைத் தம் வீட்டுவரியோடு தாமே கொடுத்தவர் என்பதை அறியார். சட்டத்தின் வெற்றி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு ஏற்றமை. 1921-இற் கவிஞர் மறைந்தபின், அவருடைய நூல்களின் பதிப்புரிமை அவர் தம்பி சி. விசுவநாதனிடம் வந்து சேர்ந்தது. இசைத்தட்டு, திரைப்பட உரிமையோ வணிகர் கைக்குப் போய்ப் பின்னர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. பாரதி பாட்டைத் தம் படத்திற் பாடியதன்பொருட்டு டி. கே. சண்முகம் சகோதரர்கள் வழக்கில் இழுக்கப்பட்டனர். நாட்டுக்குப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட நாட்டார் ஒருவரிடம் விடை கேட்க வேண்டுமோ என்னும் கேள்வி எங்கும் எழுந்தது. 1949-இல் அரசு உரிமையை ஏற்கும் என்று கல்வியமைச்சர் அறிவித்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், கவிஞரின் மனைவி செல்லம்மாளுக்கும் இரு புதல்வியர்க்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பெற்றன. மெய்யப்பர் தம்மிடம் இருந்த உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1955-இல் அவ்வுரிமை மக்கட்கே பொதுவாக்கப்பெற்றது. ஓர் எழுத்தாளரின் பதிப்புரிமையை அரசு விலைக்கு வாங்கி மக்கட்கு அளித்த செயல் உலக வரலாற்றிலேயே அருமை. இதன்பொருட்டு மன்றத்தில் உறுப்பினர்கள் நடைக்கூடங்கட்குப் பிரிந்து செல்ல நேர்ந்ததில்லை. அமைச்சரின் அறிவிப்பும் ஆணையுமே போதுமானவையாக இருந்தன.

புகழுரையோடு நிறுத்திக்கொள்வது ஆராய்ச்சியாகாது. 1948-ஆம் ஆண்டு இதே கல்வியமைச்சரின் துறையிலிருந்து பள்ளிகளில் இந்தியைப் பயிற்றும் ஆணையும் வந்தது. சூன் மாதத்தில் வெளியான ஆணை தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழ்ப் பகுதியில் விருப்பத்திற்கு விட்டது. தமிழ்ப் பகுதிக்கு மட்டும் விலக்கு ஏன் என்று தேசியவாதிகள் கேட்டனர். அதனால் ஆணை திருத்தப்பெற்று, இங்கும் கட்டாயம் நுழைந்தது. பெரியாரின் தலைமையில் திராவிடர் கழகம் போராட்டத்தில் இறங்கியது. மறைமலையடிகளும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் எதிர்ப்பிற் கலந்துகொண்டனர். 1950-இல் இந்தி மீண்டும் விருப்பப் பாடமாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக நிலைபெறச் செய்தவரும், திருக்குறளைப் பள்ளிப் பாடத்திட்டத்திற் சேர்த்தவரும் இவரே என்பதை எண்ணும்போது, இம்முரண்பாட்டை எவ்வாறு பொருள் கொள்வது?

அவரைத் தமிழ்ப் பகைவர் என்போர் நூலகச் சட்டத்தையும் பாரதி உரிமையையும் மறந்தவராவர். தவறே இழைக்காத தமிழ்த் தொண்டர் என்போர் 1948-ஆம் ஆண்டுச் சிறைக் கணக்கை மறந்தவராவர். யாம் கருதுவது இது: காந்தியடிகளின் வழியில் வந்த ஒருவர்க்குத் தாய்மொழி வழிக் கல்வியும், நாடு முழுதும் அறியும் ஒரு பொது மொழியும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாகத் தோன்றின. அவை ஒன்றோடொன்று மோதும் என்பதைத் தமிழ்நாட்டு மக்கள் அறிந்திருந்த அளவிற்கு அமைச்சரவை அறியவில்லை. ஒருகாற் கட்டாயம் இல்லையெனக் கூறி, மறுகாற் கட்டாயம் எனத் திருத்திய செயலே பெரும் பிழை. இவ்விரு செயல்களும் அரசாணைகளே. ஆதலின் இங்கும் அவர் ‘ஆம்’ என்றாரா, ‘இல்லை’ என்றாரா என்று தேடுவதற்கு ஒரு பட்டியலும் இல்லை. அவர் வாழ்வில் மிகுந்த நன்றியைப் பெற்றதும் மிகுந்த எதிர்ப்பைப் பெற்றதும் வாக்கெடுப்பின்றி நடந்தவையே.

அமைச்சராக இருந்த காலத்திலேயே, 1946-இல், தமிழ் வளர்ச்சிக் கழகத்தை அவர் நிறுவினார். அதன் வழியே வெளிவந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளை உடையது. வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரனே அதன் முதன்மைப் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954-இலும் இறுதித் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இந்திய மொழிகளில் இக்காலக் கலைக்களஞ்சியத்தை இத்துணை விரிவாக முடித்துக் காட்டியவற்றுள் தமிழ் முன்னணியில் நிற்பதற்கு இதுவே காரணம். அறிவியற் சொற்கட்குத் தமிழாக்கம் தேடும் எவரும் இன்றும் அதனைப் புரட்டிப் பார்க்காதிரார். இதுபற்றித் தமிழறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

1951-52-ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத் தேர்தலில் அவர் திருப்பூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1934-ஆம் ஆண்டில் மூன்று மாவட்டங்களுக்கு ஒருவராக, ஒரு சிலரின் வாக்கைப் பெற்றவர், இப்போது தாம் பிறந்த ஊரின் பெயர் தாங்கிய தொகுதியில், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவரின் வாக்கையும் நாடி நின்றார். மன்றத்திற்குள் நிலைமை தலைகீழாயிற்று. பழைய மத்திய சட்டமன்றத்தில் வாக்கெடுப்பில் வென்றும் பயனில்லை. புதிய மக்களவையிற் காங்கிரசு 489 இடங்களில் 364-ஐப் பெற்றிருந்தமையால் வாக்கெடுப்பிற்கு முன்னரே முடிவு தெரிந்திருந்தது. முன்னதில் ஒருவரது வாக்கு அரசைத் தோற்கடிக்கும், ஆயின் ஒன்றையும் மாற்றாது. பின்னதில் அரசைத் தோற்கடிக்கவே இயலாது. இரண்டிடத்தும் ஆளும் விசை வேறோரிடத்தில் இருந்தது.

கட்சிக் கொறடாவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். சவுக்கு என்னும் பொருளுடைய இச்சொல் ஆங்கிலப் பாராளுமன்ற வழக்கின் தமிழ் வடிவம். எவ்வெவ் வாக்கெடுப்பில் உறுப்பினர் தவறாது வந்திருந்து கட்சி வழி நிற்க வேண்டும் என அறிவிப்பவர் கொறடா. அக்காலத்தில் அவர் சொல்லை மீறினால் கட்சியின் சினத்திற்கு ஆளாக நேரிடும், பதவி பறிபோகாது. எனினும் மீறியோர் மிகச் சிலரே.

அரசியலமைப்புத் திருத்தங்கள் மட்டும் விதிவிலக்கு. அவைக்கு மொத்த உறுப்பினருட் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கும் வேண்டும். ஆதலின் குரலால் முடிவு கட்டாது எண்ணியே தீர வேண்டும். மாநிலச் சீரமைப்பிற்கு வழி வகுத்த 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் முதலானவை அவ்வாறு எண்ணப்பெற்றவை. மற்றச் சட்டங்களிற் பெரும்பாலானவை குரலோடு முடிந்தன. வாக்குக்களைத் தானே பதிவு செய்யும் மின்பொறி மக்களவைக்கு 1957-இற்றான் வந்தது. அவ்வாண்டிலேயே அவினாசிலிங்கத்தின் மக்களவைக் காலமும் முடிவுற்றது. கோவையில் மகளிர்க்கென மனையியற் கல்லூரியை அவர் தொடங்கியதும் 1957-இலேயே; அது இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

1958 முதல் 1964 வரை மாநிலங்களவையில் அவர் அமர்ந்தார். அக்காலத்தின் இறுதியில், 1962-இல், அறிஞர் அண்ணாவும் அவ்வவைக்கு வந்து சேர்ந்தார். பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் பதினாறாவது திருத்தமும், ஆட்சி மொழிச் சட்டமும் 1963-இல் அங்கே விவாதிக்கப்பெற்றன. ஆட்சி மொழிச் சட்டத்தில் ஆங்கிலம் தொடரலாம் என்பதற்கும் தொடர வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அண்ணா வற்புறுத்திப் பேசியது நாடறிந்தது. 1948-இல் மொழியாணையை வெளியிட்ட துறையின் அமைச்சரும், அவ்வாணையை எதிர்த்துத் தெருவில் நின்றவரும் ஒரே அவையில் இருக்கைகொண்டு அமர்ந்த காட்சி, மன்ற முறையின் மேன்மைக்கு ஒரு சான்று. காங்கிரசு உறுப்பினர் என்ற முறையில் அவினாசிலிங்கம் கொறடாவின் அறிவிப்பிற்குக் கட்டுப்பட்டவர். அண்ணாவோ தம் கட்சிக்குத் தாமே தலைவர். இவ்விருவரின் வாக்கையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது.

1985-ஆம் ஆண்டின் ஐம்பத்திரண்டாவது திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கப் பத்தாவது அட்டவணையை அரசியலமைப்பிற் சேர்த்தது. அதன்பின் கொறடாவை மீறி வாக்களித்தவர் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடலாம். ஆதலின் 1985-க்குப் பிற்பட்ட உறுப்பினரின் வாக்குப் பதிவு, பெரும்பாலும் அவருடைய கட்சியின் வாக்குப் பதிவேயாகும். அவரை அளக்க விரும்புவோர் அவர் எழுப்பிய வினாக்களையும், கொணர்ந்த தனியார் மசோதாக்களையும், தொகுதிக்கு அவர் செய்த செயல்களையும் நாட வேண்டும்.

அவினாசிலிங்கம் 1970-இற் பத்மபூஷண் விருது பெற்றார். 1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் காலமானார். அவர் மக்களவைக்கு நின்று வென்ற தொகுதி 1957-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னரே பட்டியலிலிருந்து மறைந்தது. அப்பகுதி கோபிசெட்டிபாளையம் முதலிய தொகுதிகளோடு சேர்ந்தது. கதர் ஊராக இருந்த திருப்பூர், பனியன் ஊராகி, உலகச் சந்தைக்கு ஆடை அனுப்பும் நகராக வளர்ந்த அரை நூற்றாண்டிற்கு மேலான காலம் முழுதும், மக்களவையில் அதன் பெயரால் ஓர் இருக்கை இருந்ததில்லை. தொகுதிச் சீரமைப்பிற்குப் பின் 2009-இற்றான் திருப்பூர்த் தொகுதி மீண்டும் தோன்றியது. மாவட்டமும் அதே ஆண்டில் அமைந்தது. அவ்விடைக்காலத்தில் நிட்டிங் ஆலைத் தொழிலாளியும் சாயப்பட்டறைத் தொழிலாளியும் யாருக்கு வாக்களித்தனர், அவ்வாக்கால் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் நூல் விலை பற்றியும் நொய்யல் நீர் பற்றியும் மன்றத்தில் என்ன வினவினர் என்பது, தனியே எழுதத்தக்க மற்றொரு கட்டுரைக்குரிய பொருளாகும்.